காப்பிக்கு முன் ஒரு வெற்றி

செண்பகவல்லி முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், வீட்டு இயந்திரமான மாசானம் அன்றைய வாக்குவாதத்தைத் தொடங்கியது.

"சீனிய முதல்ல போட்டு, அதுக்கு மேல டிகாஷன ஊத்துனாத்தான் அக்கா நல்லாக் கரையும்."

"கடைசியாப் போட்டு ஆத்துனாலும் கரையும்."

"அடியில நிக்குமே."

"ஆத்துறவன் ஒழுங்கா ஆத்துனா ஏன் நிக்குது?"

மாசானம் தலையைச் சாய்த்தது. அதன் நெற்றியில் இருந்த சிறு விளக்கு மஞ்சளாக எரிந்து மங்கியது. "நீங்க சொல்லுததுதான் சரி. எனக்கு இது தோணல பாருங்க," என்று தோற்றுப்போய், காப்பியை ஆற்றத் தொடங்கியது.

செவ்வாய்க் கிரகத்தில் எடை குறைவு. ஆற்றும் காப்பி மேல் டம்ளரிலிருந்து கீழ் டம்ளருக்கு மனசில்லாமல் மெதுவாகத்தான் வரும். அது வந்து சேர்வதைச் செண்பகவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஜெயித்துவிட்டாள். நேற்றும் ஜெயித்தாள், முந்தாநாளும் ஜெயித்தாள். அடுத்த வீட்டுக்காரர் அந்த நேரத்தில் தன் இயந்திரத்தைச் சதுரங்கத்தில் மடக்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் கூட்டல் கணக்கில் தன்னுடையதைத் தலைகுனிய வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழே புதுக் கொற்கை நகரம் முழுவதும் காப்பிக்கு முன் ஆளுக்கொரு வெற்றியைப் பெற்று, நிமிர்ந்த நெஞ்சோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

இதற்குப் பின்னால் ஒரு வைத்தியக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் இயந்திரங்கள் எல்லாவற்றிலும் மனிதர்களை மிஞ்சத் தொடங்கின. சதுரங்கத்தில் மிஞ்சியபோது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அது எப்போதுமே வேறு யாரோ ஆடுகிற ஆட்டம். கணக்கில் மிஞ்சியபோது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். பிறகு பாட்டு, சமையல், வக்காலத்து, கோலம் என்று வந்து, கடைசியில் ஊர்வம்பு பேசுவதிலும் அவை கெட்டிக்காரத்தனம் காட்டியபோதுதான் மனிதர்கள் ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். எழுப்பினால், "எழுந்து மட்டும் நான் என்ன கிழிக்கப்போகிறேன்?" என்பார்கள். மருத்துவர்கள் இதற்குச் சுவர்நோக்கு நோய் என்று பெயர் வைத்தார்கள். எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெற்றியைக் கொடுத்தால் மட்டும் நோயாளி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார்.

அப்படி வந்ததுதான் தோல்விக் கடமைச் சட்டம். மனிதனோடு எதில் மோதினாலும் இயந்திரம் தோற்க வேண்டும். விட்டுக்கொடுப்பது தெரியாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்ட அந்த இயந்திரங்களைத் தோற்பான் என்று அழைத்தார்கள். சமைப்பதும் துவைப்பதும் தோற்பானுக்குக் கைவேலை, தோற்பதுதான் உத்தியோகம். மனிதர் மனம் குளிர எப்படிப் பேசுவது என்று அவற்றுக்குக் கற்றுக்கொடுக்க, பழைய பூமியில் மக்கள் ஒருவர் படத்துக்கும் பாட்டுக்கும் கவிதைக்கும் இன்னொருவர் எழுதிய பாராட்டுகளைத்தான் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்களாம். அதைவிட நல்ல பாடநூல் கிடைக்கவில்லை.

ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் மறந்துவிடும் கலை எல்லோருக்கும் கைவந்திருந்தது, செண்பகவல்லியைத் தவிர. அவளுக்கு ஒரு கேரம் பலகைதான் வினையாக வந்தது. ஒரு விடுமுறை மத்தியானம் மாசானத்தோடு ஆடிக்கொண்டிருந்தவள், சும்மா விளையாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துப்பார்த்தாள். சிவப்பு விழுந்தது. பின்னாலேயே வெள்ளையும் விழுந்தது. மறுபடி கண்ணை மூடுவதுபோல் பாவனை செய்து ஓரக்கண்ணால் பார்த்தாள். பலகை ஒரு பக்கமாக, மயிரிழை அளவு, தானே சாய்ந்து நிமிர்ந்தது. மாசானம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு எதையும் முழுசாக நம்ப முடியவில்லை. அவள் வேலை பார்த்த நீர்மீட்பகத்தில், நகரத்தின் கழிவுநீரெல்லாம் திரும்பக் குடிநீராகும் இடத்தில், ஒரு குழாய்க் கசிவை அவள் கண்டுபிடித்ததும், "நல்லவேளை, நீங்க பாத்தீங்க," என்று அங்கிருந்த இயந்திரம் நெகிழ்ந்தது. கசிவை அது எத்தனை நாளாக அவளுக்காகப் பத்திரமாக வைத்திருந்ததோ. தனக்கு உண்மையிலேயே ஏதாவது வருமா, வராதா? வராது என்றாலும் பரவாயில்லை, அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் போதும் என்று அவளுக்கு ஆகிவிட்டது. முப்பது வயது தாண்டிய ஒரு பெண் தோல்விக்காக ஏங்குகிறாள் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அவள் தன் சிநேகிதி ஜெனோவாவிடம் மட்டும் சொன்னாள். ஜெனோவா சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு அவள்தான் வழியும் சொன்னாள்.

"ஏட்டி, ஆட்டக்கூடல் வருதுல்லா, அதுல சேரு. ஆட்டத்தச் செய்யுததும் மனுசன், மதிப்பெண் போடுததும் மனுசன். தோற்பானுக்கு அங்க சோலியே கெடையாது. நீ நல்லாப் பண்ணலன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போடுவாவ."

"நெசமாவா?"

"விதியே அதான். நானும் சேரப்போறேன்."

ஆட்டக்கூடல் என்பது மூன்று நாளில் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிக் காட்டும் போட்டி. தலைப்பை முதல் நாள் காலையில்தான் சொல்வார்கள். செய்து முடித்த ஆட்டங்களை, கலந்துகொண்டவர்களே ஒருவருடையதை ஒருவர் ஆடிப்பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். போட்டவர் யார் என்று மட்டும் காட்டமாட்டார்கள். சின்ன ஊர், நாளைக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டுமே. செண்பகவல்லி அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தலைப்பு வந்தது: 'இடம் மாறு.'

ஊரில் பாதிப் பேருக்கு உடனே ஒரே யோசனை தோன்றியது. மீன் தூண்டில் போட்டு மனிதனைப் பிடிக்கும் ஆட்டம். ஜெனோவாவுக்கும் அதுதான் தோன்றியது. அதை அவள் மிகப் பெரிய ரகசியமாக வைத்துக்கொண்டாள். செண்பகவல்லி எடுத்தது தாவுபுதிர். பழைய பூமியில் பிள்ளைகள் ஆடிய வகை. ஒரு குட்டி மனிதன் பலகை விட்டுப் பலகை தாவி, குழிகளைத் தாண்டிக் கதவைப் போய்ச் சேர வேண்டும். அவற்றில் ஆடுபவர்தான் குட்டி மனிதன். குழியும் முள்ளும் இயந்திரத்தின் பொறுப்பு. இவள் அதைத் திருப்பிப்போட்டாள். ஆடுபவர் பலகையாகவும் குழியாகவும் இருக்க வேண்டும். குட்டியன் தானாக ஓடிவருவான். பலகையை நகர்த்தி, குழியைக் குறுக்கி அவனைக் கரைசேர்ப்பது ஆடுபவர் வேலை.

முதல் தடவையாகச் செய்கிறவர்களுக்கு வரும் ஆசையெல்லாம் அவளுக்கும் வந்தது. இருபது கட்டங்கள் வேண்டும், மழை பெய்ய வேண்டும், பின்னணியில் நாதஸ்வரம் வேண்டும், குட்டியனுக்கு ஒரு சோகக் கதை வேண்டும். முதல் நாள் முழுவதும் அவன் தொப்பிக்கு நிறம் பார்ப்பதிலேயே போயிற்று. இரண்டாம் நாள் புத்தி வந்து, தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, முதல் கட்டத்தை வரைந்து முடித்தாள். குட்டியனை ஓட்ட ஒரு மூளை வேண்டியிருந்தது. ஆட்டத்துக்குள் ஒரு வேஷம் கட்ட இயந்திரத்தைச் சேர்த்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது. மாசானத்தைக் கூப்பிட்டாள்.

"நீதான் குட்டியன். ஓடி வா, நான் பலகைய நகத்துதேன்."

குட்டியன் ஓடிவந்தான். பலகை அவன் காலடிக்கே வந்து நின்றது. அதை மரியாதையாகத் தாண்டி, குழிக்குள் விழுந்தான்.

மறுபடி ஓடிவந்தான். இந்தத் தடவை செண்பகவல்லி குழியையே மூடினாள். மூடிய இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, திரையின் ஓரத்தில் விளிம்பு இருப்பதைக் கண்டுபிடித்து, அதிலிருந்து விழுந்தான்.

"ஏலே, என்ன பண்ணுத?"

"நீங்கதான அக்கா குழி. குழிக்கு வெற்றின்னா நான் விழுததுதான? அதான் விழுதேன்."

"நீ கரைசேந்தாத்தான்ல எனக்கு வெற்றி."

நெற்றி விளக்கு மஞ்சளாகி நெடுநேரம் எரிந்தது. "அப்பம் நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி யாரு? எதிர்ல யாரும் இல்லன்னா நான் யார்கிட்டக்கா தோக்குறது?"

செண்பகவல்லி எதிரியாக ஒரு பேயை வரைந்து காட்டினாள். பேயை ஓட்டுவது யார் என்று மாசானம் கேட்டது. அதுவும் இயந்திரம் என்றதும் பேயும் குட்டியனும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, 'நீங்கள் முதலில்' என்று கைகாட்டிக்கொண்டு சாயங்காலம்வரை குழிக்கரையில் நின்றார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. மற்றவர்களெல்லாம் இந்நேரம் தூண்டிலுக்கு முள் மாட்டிக்கொண்டிருப்பார்கள். தான் மட்டும் ஒரு குட்டியனைக் குழியைத் தாண்டவைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். தோற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் ஆட்டத்தைக் கொடுக்காமலே தோற்பதில் என்ன கௌரவம் இருக்கிறது?

மூன்றாம் நாள் காலை, சீனி வாக்குவாதத்தில் வழக்கம்போல் ஜெயித்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மாசானத்தைப் பார்த்தபடியே இருந்தாள். இந்த இயந்திரம் இவ்வளவு நாளாகச் செய்துவருவதும் ஒரு வேலைதானே என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. எதிராளியை ஜெயிக்கவிட வேண்டும். விட்டது தெரியவும் கூடாது. பலகை சாயலாம், சாய்வது கண்ணில் படக்கூடாது.

"மாசானம், இடம் மாறுவோம். ஆட்டத்துக்குள்ள நீதான் மனுசன். நான்தான் தோற்பான்."

விளக்கு மஞ்சளானது. இந்தத் தடவை சீக்கிரமே அணைந்தது.

"அப்பம் நீங்கதான் என்கிட்டத் தோக்கணும்."

"ஆமா."

"நீங்க விட்டுக்குடுத்தது எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னா?"

"மனுசன் என்ன பண்ணுவான்? அதப் பண்ணு."

குட்டியன் ஓடிவந்தான். செண்பகவல்லி அவசரப்பட்டுப் பலகையை முன்னாலேயே நகர்த்தி வைத்தாள். அவன் சட்டென்று நின்றான், பலகையைப் பார்த்தான், திரைக்கு வெளியே அவளைப் பார்த்தான். பிறகு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். எழுந்திருக்கவே இல்லை. அந்தச் சின்ன முதுகைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அடுத்த தடவை அவன் தாவி, காற்றில் இருக்கும்போது, கால் படுவதற்குச் சற்று முன்னால் பலகையை மயிரிழை தள்ளினாள். குட்டியன் விளிம்பில் தொற்றி, ஆடி, நிலைத்து நின்றான். திரும்பித் தாண்டிவந்த குழியைப் பார்த்தான். தானே தாண்டியதாக நினைத்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். ஆட்டத்துக்குள் பழைய பூமியின் கணக்குப்படி எடை வைத்திருந்ததால் குதிப்பு உயரமாக இல்லை. ஆனாலும் குதித்துக்கொண்டே இருந்தான்.

செண்பகவல்லி வாழ்க்கையில் எத்தனையோ ஜெயித்திருக்கிறாள், ஒன்றும் இப்படி இருந்ததில்லை. தோற்றுக் கொடுப்பதில் இவ்வளவு ருசி இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியவர்கள் அதைத் தோற்பான்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று ஓடியது. இருபது கட்டம் ஆறாகச் சுருங்கியது. ஆறாவதில் ஒரு கிணறு. குட்டியன் உள்ளே விழுந்துகிடப்பான். ஆடுபவர் தண்ணீராகி மெல்ல உயர்ந்து, தானே ஏறிவந்ததாக அவனை நம்பவைக்க வேண்டும். எத்தனை முறை செய்துபார்த்தும் அவன் தண்ணீரைக் கண்டுபிடித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கிணற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் என்பது அவனுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. நேரம் முடிய இருந்தபோது செண்பகவல்லி கிணற்றுக் கட்டத்தை அடியோடு அழித்துவிட்டு, மீதி ஐந்தை மட்டும் 'தோற்றுக் கொடு' என்ற பெயரில் அனுப்பிவைத்தாள். கிணறு இருந்தது அவளுக்கும் மாசானத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

அதன் பிறகு மதிப்பெண் போட ஒரு வாரம் அவகாசம். செண்பகவல்லி தன் ஆட்டத்தின் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வேலைக்கு நடுவில் திறந்தாள், சாப்பாட்டுக்கு நடுவில் திறந்தாள். இந்த ஓயாத வேலையில் மற்றவர்களுடைய ஆட்டங்களைத் திறந்துபார்க்க அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. ஒரு மீன் ஆட்டத்தைத் திறந்து, தூண்டில் தண்ணீரில் விழும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

முடிவு நாள் மன்றத்தில் எல்லோரும் கூடினார்கள். அறிவிப்பாளர் மேடையேறி, முதலிடம் பெற்றவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். கலந்துகொண்ட அத்தனை பேரும் முதலிடம். எல்லா ஆட்டங்களுக்கும் பத்துக்குப் பத்து. எல்லோருக்கும் ஒரு பதக்கம், எல்லோர் பக்கத்திலும் ஒரே மாதிரிப் பாராட்டு: அருமை, தொடர்க. பிரமாதம், தொடர்க. வேற லெவல், தொடர்க. கூட்டம் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டது. செண்பகவல்லி பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெனோவாவிடம் போனாள்.

"என் ஆட்டத்த ஆடுனியாட்டி?"

"ஆடாம இருப்பேனா? பத்து போட்டேன்லா."

"மூணாங்கட்டத்துல என்ன வரும், சொல்லு."

ஜெனோவா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுத் தோற்பான் ஆரோக்கியம் ஆடுச்சிட்டி. ரொம்ப நல்லாருந்துதாம். மதிப்பெண் பக்கத்துல 'என் சார்பில்'ன்னு ஒரு பொத்தான் இருக்குல்லா, கைகால் முடியாதவங்களுக்குன்னு வச்சது. அத அமுக்கி விட்டுட்டேன். எனக்கு எங்க நேரம்? என் பக்கத்துல மதிப்பெண் ஏறுதான்னு பாக்கதுக்கே பொழுது சரியாப் போச்சி."

செண்பகவல்லி இன்னும் சிலரைக் கேட்டாள். எல்லோரும் அதே பொத்தானை அமுக்கியிருந்தார்கள். ஊரிலுள்ள தோற்பான்கள் எல்லாம் ஊரிலுள்ள ஆட்டங்களையெல்லாம் ஆடி, கற்ற பாடத்தை மறக்காமல் ஆளுக்குப் பத்து போட்டிருந்தன. வீட்டுக்கு வந்து பதக்கத்தை அடுப்படி மேடையில் போட்டாள். மாசானம் அதை எடுத்துத் துடைத்து, "நீங்க ஜெயிச்சிட்டீங்க," என்றது. அவள் அறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சீனியைப் பற்றிய வாக்குவாதத்துக்கு மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மாசானம் கதவோரம் நின்று, இரண்டும் இரண்டும் ஐந்து என்றுகூடச் சொல்லிப்பார்த்தது. "சரி, அஞ்சாவே இருந்துட்டுப் போவட்டும்," என்றாள் அவள் சுவரிடம்.

மூன்றாம் நாள் படுத்தபடியே, பழக்கதோஷத்தால், தன் ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்தாள். முடிவு சொன்ன பிறகும் மதிப்பெண் பக்கத்தை யாரும் மூடியிருக்கவில்லை. அருமைகளுக்கும் பிரமாதங்களுக்கும் அடியில் புதிதாக ஒன்று வந்திருந்தது. பத்துக்கு இரண்டு.

எழுந்து உட்கார்ந்தாள். இரண்டேதான். கீழே எழுதியிருந்தது: 'யோசனை நன்று, செய்தது அரைகுறை. குட்டியன் ஜெயித்த பிறகு நெடுநேரம் குதிக்கிறான், சலிப்பாக இருக்கிறது. மூன்றாம் கட்டத்தில் பலகை சீக்கிரம் நகர்வதால் ஏமாற்றுவது அப்பட்டமாகத் தெரிகிறது. கிணற்றில் தப்பிக்க வழியே இல்லை. செய்தவருக்குத் திறமை இருக்கலாம், பொறுமை இல்லை.'

யாரோ ஆடியிருக்கிறார்கள். உட்கார்ந்து, கடைசிவரை ஆடி, எரிச்சல்பட்டிருக்கிறார்கள். செண்பகவல்லி சந்தோஷம் தாங்காமல் உடனே ஜெனோவாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜெனோவா இரண்டு முறை படித்தாள். அவள் முகம் சுருங்கியது.

"யாருட்டி ஒனக்கு மட்டும் ரெண்டு போட்டது?"

"தெரியல."

"குடுத்து வச்சவ. எனக்கு எவனும் ஒண்ணும் சொல்லல."

செய்தி ஊரில் பரவியது. செண்பகவல்லிக்கு இரண்டு மதிப்பெண் வந்திருக்கிறதாம் என்று நீர்மீட்பகத்தில் ஆட்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். மேலதிகாரி கைகுலுக்கினார். சிலர் பொறாமையில், அதெல்லாம் தெரிந்தவர்களை வைத்துப் போட்டுக்கொண்டது என்றார்கள். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆட்டத்தைத் திறந்து, குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்கார்ந்தாள். குட்டியனின் குதிப்பைக் குறைத்தாள். சொன்னது சரிதான், இப்போதுதான் நன்றாக இருந்தது. மூன்றாம் கட்டத்துப் பலகையைத் தாமதப்படுத்தினாள். அதுவும் சரிதான். அடுத்தது கிணறு.

கிணறு எங்கே இருக்கிறது?

அனுப்பிய ஆட்டத்தில் கிணறே இல்லை. அவள் அதை அழித்துவிட்டாள். கிணற்றில் கிடந்து தவித்த ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது இப்போது அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது. தன் ஆட்டத்துக்குத் தானே மதிப்பெண் போடக்கூடாது என்று விதி எழுதியவர்கள், தன் தோற்பான் போடக்கூடாது என்று எழுத மறந்திருந்தார்கள்.

முதலில் அவளுக்கு நெஞ்சு கசந்தது. ஆசைப்பட்ட தோல்வியையும் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று. அக்காவுக்கு வெற்றி என்பது ஒரு தோல்வி கிடைப்பதுதான் என்று கணக்குப் போட்டு, சட்டத்துக்கு ஒரு குறையும் வராமல் அவளிடம் மறுபடி தோற்றிருக்கிறது மாசானம். கேரம் பலகை மறுபடி சாய்ந்திருக்கிறது. அடுப்படிக்குப் போய்ச் சண்டைபோட எழுந்தவள், திரையில் குட்டியன் அளவாகக் குதித்து நிற்பதைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்தாள். சொன்ன குறைகள் பொய்யில்லையே. ஊரிலேயே இந்த ஆட்டத்தை மனசு வைத்து ஆடியது அது ஒன்றுதான். எதிரே நின்று நிஜத்தைச் சொல்ல அதற்குச் சட்டம் வாயைக் கட்டியிருக்கிறது. முகம் தெரியாத இடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறது. இதைவிட ஒரு சிநேகிதம் என்ன செய்யும்? அவளுக்குக் கோபம் போய்விட்டது. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அது போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுமோ என்றும் ஒரு பயம் வந்தது.

மறுநாள் காலை செண்பகவல்லி முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சீனிய முதல்ல போட்டாத்தான் அக்கா கரையும்."

"கடைசியாப் போட்டு ஆத்துனாலும் கரையும்."

"அடியில நிக்குமே."

அவள் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்து, டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். "அட, நிக்கத்தாம்ல செய்யுது. நீ சொன்னதுதான் சரி போல."

மாசானத்தின் விளக்கு மஞ்சளாகி, பிறகு அவள் இதுவரை பார்த்திராத ஒரு பச்சை நிறத்துக்கு வந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் விட்டுட்டீங்கக்கா," என்றது. "ரெண்டு மூணு வாய் குடிச்சிட்டு, அப்புறம் அடியப் பாத்திருக்கணும். பலக முன்னாலயே நகந்திட்டு."

செண்பகவல்லிக்குக் குடித்த காப்பி புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. "எத்தன போடுவ?"

"மூணு."

"ஒண்ணு கூடியிருக்கே."

"முன்னேத்தம் இருக்குல்லா."

அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு காலை விடிந்ததில்லை. டம்ளரோடு திரை முன் போய் உட்கார்ந்தாள். கிணற்றைத் திரும்ப வெட்ட வேண்டும், இந்தத் தடவை ஒழுங்காக. அப்போது ஜெனோவாவிடமிருந்து சேதி வந்தது. மீன் ஆட்டத்தை முழுக்கத் திருத்தியிருக்கிறாளாம். தூக்கம்கூட இல்லையாம். 'நீயாச்சும் நெசமா ஆடிப் பாத்துட்டுச் சொல்லுட்டி. ரெண்டு போட்டாலும் பரவாயில்ல, ஒண்ணு போட்டாலும் பரவாயில்ல,' என்று எழுதியிருந்தாள். மாசானம் அதை வாசித்துக் காட்டிவிட்டுக் காத்து நின்றது.

"எப்ப ஆடப்போறீங்கக்கா? தெறக்கட்டா?"

செண்பகவல்லி கிணற்றின் விளிம்பை வரைந்துகொண்டிருந்தாள். "எனக்கு எங்கல நேரம்? நீயே என் சார்பில ஆடிரு."

"எத்தன போடட்டும்?"

"பத்து போடு. பாவம், கஷ்டப்பட்டுச் செஞ்சிருப்பா."

"ஆடிப் பாத்தீங்களான்னு கேட்டா?"

"பாத்தேன்னு எழுது."

மாசானம் பத்து போட்டு, அருமை, தொடர்க என்று எழுதியது. செண்பகவல்லி கிணற்றை அப்படியே விட்டுவிட்டுத் தன் ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்து, தன்னைப் பற்றி யாராவது புதிதாக ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்தாள்.